பெட்டியை அப்புறம் வாங்கலாம், முதலில் கம்பியைக் கட்டுங்கள்

வாசகர் கேள்வி–பதில்: சிற்றலையும் பொழுதுபோக்கு வானொலியும்

குறைந்த செலவில் ஷார்ட்வேவ், அதாவது தூர தேசங்களிலிருந்து வரும் சிற்றலை வானொலி, கேட்க ஆரம்பிப்பது எப்படி என்று வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கடிதங்கள். அவற்றில் பாதி, சுற்றி வளைத்து, "எந்த ரேடியோ வாங்கலாம்?" என்ற ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. அந்தக் கேள்விக்கும் பதில் உண்டு, ஆனால் அதை முதலில் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஏனுங்க, சிற்றலையில் இன்னும் ஏதாவது கேட்குதா? எங்க அப்பாரு தினமும் ராத்திரி பிபிசி தமிழோசை கேட்பார். அவர் வைத்திருந்த ரேடியோ அட்டத்தில் கிடக்கிறது. எடுத்துத் தட்டிப் பார்க்கலாமா, வீண் வேலையா?
வாசகர், கோபிசெட்டிபாளையம்

தாராளமாக எடுங்கள். ஆனால் தமிழோசையைத் தேடாதீர்கள், அது 2017 ஏப்ரலோடு வானொலியில் நின்றுவிட்டது. மாஸ்கோவின் தமிழும் போய்விட்டது, நம் ஆகாசவாணியே சிற்றலை ஒலிபரப்பிகளைப் பெருமளவு மூடிவிட்டது. பழைய நினைப்பில் முள்ளைத் திருப்பினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இருப்பதைச் சொல்கிறேன். பிபிசியின் ஆங்கில ஒலிபரப்பு நம் பக்கத்துக்கு இன்னும் வருகிறது. சீன வானொலி பல மொழிகளில் பல இடங்களில் உட்கார்ந்திருக்கிறது, அதைத் தேடவே வேண்டாம், அதுவாக வந்து மாட்டும். ஜப்பானின் என்எச்கே, ருமேனியா, வியட்நாம் எல்லாம் உண்டு. வத்திக்கான் வானொலி, அட்வென்டிஸ்ட் உலக வானொலி போன்ற கிறிஸ்தவ நிலையங்கள் தமிழிலும் கொஞ்ச நேரம் பேசுகின்றன. இவை எல்லாம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அலைவரிசைப் பட்டியலை மாற்றிக்கொள்ளும், அதனால் யாரோ என்றைக்கோ எழுதி வைத்த அட்டவணையை நம்ப வேண்டாம். எய்பி என்ற ஜெர்மன் பட்டியலையோ ஷார்ட்வேவ் டாட் இன்ஃபோ தளத்தையோ போனில் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அப்பாருவின் ரேடியோவில் முதலில் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பச்சை பூத்திருந்தால் வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய விட்டு, புது செல் போடுங்கள். வால்யூம் திருகில் கரகரப்பு வந்தால் பத்து இருபது தடவை முன்னும் பின்னும் திருகினாலே பாதி சரியாகிவிடும். ஒருவேளை அது வால்வு ரேடியோவாக, அதாவது உள்ளே கண்ணாடிக் குழாய்கள் எரியும் பழைய மர்ஃபி, புஷ் மாதிரிப் பெட்டியாக இருந்தால், பிளக்கைச் செருகவே செருகாதீர்கள். உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும், சில மாடல்களில் உலோகச் சட்டத்திலேயே கரண்ட் இருக்கும், பல வருடம் கிடந்த கெப்பாசிட்டர் வெடிக்கவும் செய்யும். வால்வு தெரிந்த ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

இன்னொன்று. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்ட வேண்டும். 1980களில் அதை எடுத்துவிட்டார்கள். ஒலிபரப்பைக் கேட்பதற்கு இன்று யாருக்கும் ஒரு பைசா கட்ட வேண்டாம்.

என்னிடம் 2,000 ரூபாய் இருக்கிறது. கடையில் '10 பேண்ட்' என்று எழுதிய ரேடியோவை டார்ச், ப்ளூடூத், யுஎஸ்பி எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?
வாசகர், சோமனூர்

வேண்டாம். பத்து பேண்ட் என்று எழுதியிருப்பதால் பத்து மடங்கு கேட்கப் போவதில்லை. அந்த மாதிரிப் பெட்டிகளில் ஒரு நிலையம் இரண்டு மூன்று இடத்தில் கேட்கும், கையை எடுத்தால் நழுவும், கூடவே இருக்கிற ப்ளூடூத்தும் யுஎஸ்பியும் உள்ளுக்குள்ளேயே இரைச்சல் கிளப்பும். டார்ச் மட்டும் நன்றாக எரியும்.

முதலில் ஒரு பைசா செலவில்லாமல் ஒரு மாதம் கேளுங்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் ஒரு சிற்றலை ரிசீவரை இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது, உங்கள் போனிலிருந்தே முள்ளைத் திருப்பலாம். அதேபோல கிவி எஸ்டிஆர் என்ற பெயரில் உலகம் முழுக்க ஆர்வலர்கள் தங்கள் வீட்டு ரிசீவர்களை இணையத்தில் விட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒன்று, ஐரோப்பாவில் ஒன்று என்று மாறி மாறிக் கேட்டால் ஒரே நிலையம் இங்கே எப்படி, அங்கே எப்படி என்று புரியும். எந்த நேரத்தில் எந்த மீட்டரில், அதாவது எந்த அலைநீளப் பகுதியில், கூட்டம் என்பதும் பிடிபடும். இதில் ஒரு மாதம் கழித்தும் ஆசை அடங்காமல் இருந்தால் மட்டும் பர்ஸைத் திறங்கள்.

அப்போது 2,000க்குள் என்றால், பானாசோனிக் ஆர்எஃப்-562டி மாதிரி, எஃப்எம், மத்திய அலை, சிற்றலை மூன்றும் உள்ள சாதாரண முள் ரேடியோ போதும். இல்லையென்றால் நல்ல நிலையில் உள்ள பழைய பிலிப்ஸ், சோனி, நேஷனல் பானாசோனிக். பழையது வாங்கும்போது கடை வாசலிலேயே 999 கிலோஹெர்ட்ஸில் கோவை நிலையம் வருகிறதா பாருங்கள், ஏரியல் குழாய் முழுதாக நீள்கிறதா பாருங்கள். சிற்றலையைப் பகலில் கடைக்குள் சோதித்தால் ஒன்றும் தெரியாது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள்.

இன்னும் சேர்த்து வைக்க முடியும் என்றால் டெக்சன் பிஎல்-330, எக்ஸ்எச்டேட்டா டி-808 மாதிரி எண் காட்டும் டிஜிட்டல் ரேடியோக்கள் இருக்கின்றன. அவற்றில் எஸ்எஸ்பி என்ற வசதி உண்டு. ஹாம்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகத் தங்களுக்குள் வானொலியில் பேசிக்கொள்கிறவர்கள், பேசுவது சாதாரண ரேடியோவில் வாத்து கத்துவது போலக் கேட்கும், எஸ்எஸ்பி இருந்தால்தான் அது மனிதக் குரலாகும். இந்த ஒரு காரணத்துக்காகவே, 4,000 ரூபாய்க்கு எஸ்எஸ்பி இல்லாத பளபளப்பான ரேடியோவை வாங்குவதைவிட, இப்போதைக்கு மலிவானதில் ஓட்டிவிட்டு அப்புறம் எஸ்எஸ்பி உள்ளதற்குத் தாவுவது நல்லது என்பேன்.

மீதி இருக்கிற பணத்தை என்ன செய்வது? அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

எங்கள் தோட்டத்தில் தென்னை நிறைய இருக்கிறது. ஏரியல் கட்ட வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு நீளம், என்ன கம்பி, எவ்வளவு செலவாகும்?
வாசகி, பொள்ளாச்சி அருகே

டவுனில் அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் உங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். பத்தாயிரம் ரூபாய் ரேடியோவை நாலு சுவருக்குள் வைத்துக் கேட்பவரைவிட, ஆயிரம் ரூபாய் ரேடியோவைத் தோட்டத்தில் கம்பியோடு கேட்பவருக்குத்தான் அதிகம் கேட்கும்.

கம்பிக்கு எங்கும் அலைய வேண்டாம். மோட்டாருக்குப் பேர் போன ஊர் நம்முடையது. எந்த ரீவைண்டிங் கடையிலும் எனாமல் பூசிய செம்புக் கம்பி எடை போட்டுக் கொடுப்பார்கள், மீந்த துண்டு இருந்தால் இன்னும் மலிவு. ரொம்ப மெல்லிசு காற்றில் அறுந்துவிடும், 20, 22 கேஜ் வாக்கில் கேளுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற சாதாரண பிவிசி ஒயரே போதும். ரேடியோ அலைக்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக் ஒரு தடையே இல்லை.

கையடக்க ரேடியோவுக்கு 20, 25 அடி தாராளம். ஒரு முனையை மரத்தில் நைலான் கயிற்றால் கட்டுங்கள், கம்பி நேராக மரத்தில் படாமல் நடுவில் ஒரு துண்டு பிவிசி குழாய் இருக்கட்டும். மறுமுனையில் எனாமலைச் சுரண்டிவிட்டு, முதலைக் கிளிப் போட்டு, ரேடியோவின் ஏரியல் குழாயில் மாட்டுங்கள். அவ்வளவுதான். நூறு அடி இழுத்தால் நாலு மடங்கு கேட்கும் என்று நினைத்துவிட வேண்டாம், சின்ன ரேடியோ அத்தனை சிக்னலைத் தாங்காமல் எல்லா நிலையத்தையும் ஒன்றாகக் குழப்பிக் கொட்டும். லோக்கல், டிஎக்ஸ் (தூரத்து நிலையம்) என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதை லோக்கலுக்குத் தள்ளிப் பாருங்கள், இல்லையென்றால் கம்பியைக் குறையுங்கள்.

கொஞ்சம் முறையாகச் செய்ய ஆசை என்றால் டைபோல். 468ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அடியில் நீளம் வரும். ஹாம்காரர்கள் கூடுகிற 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 66 அடி. நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 33 அடியாக இரண்டு தென்னைக்கு நடுவே கட்டி, வெட்டிய இடத்திலிருந்து டிவி கேபிளை இறக்கலாம். டிவிக்காரர் கேபிளும் அம்மெச்சூர் ரேடியோ கேபிளும் ஒன்றல்ல என்று யாராவது சண்டைக்கு வந்தால், கேட்க மட்டும் என்றால் அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே போவதில்லை என்று சொல்லிவிடுங்கள். கேபிள் மாட்ட வெளி ஏரியல் துளை உள்ள ரேடியோ மட்டும் வேண்டும்.

தென்னை ஆடுகிற மரம், அதை மறக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதம் அடிக்கிறபோது இரண்டு மரமும் எதிரெதிர்ப் பக்கம் போகும், முறுக்கிக் கட்டிய கம்பி பட்டென்று போய்விடும். ஒரு முனையில் கயிற்றை ஒரு கப்பியில் விட்டு அடியில் செங்கல் கட்டித் தொங்கவிட்டால், மரம் ஆட ஆடச் செங்கல் ஏறி இறங்கும், கம்பி பிழைக்கும். தொங்கும் செங்கலுக்குக் கீழே ஆள், மாடு கன்று போகாத மரமாகப் பாருங்கள்.

இரண்டு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். மின் கம்பிக்கு மேலேயோ கீழேயோ குறுக்காக ஏரியல் போகவே கூடாது, அறுந்து விழுந்தால் எட்டாத தூரமாவது இருக்க வேண்டும், மரத்தில் ஏறிக் கட்டும்போதும் அதே கவனம். அடுத்தது இடி. சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் தென்னையில் இடி விழுவது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்டு முடித்ததும் கிளிப்பைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள், வானம் இருட்டினால் ரேடியோவைத் தொடவே வேண்டாம்.

கம்பி கட்டிப் பார்த்தாகிவிட்டது. ஒரே கர்ர்ர் சத்தம்தான் அதிகமாகிறது. ரேடியோ கெட்டுப்போய்விட்டதா?
வாசகர், பல்லடம்

ரேடியோ நன்றாக இருக்கிறது, வீடுதான் சத்தம் போடுகிறது. ரேடியோவைச் செல்லில் ஓடவிட்டு, வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். சத்தம் பளிச்சென்று குறைந்தால் குற்றவாளி உள்ளே. மெயினைப் போட்டு, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே வாருங்கள், யார் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் மலிவான எல்இடி பல்பு, போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸின் அடாப்டர், இன்வெர்ட்டர், சோலார் பேனலோடு வரும் கருவி. கேட்கிற நேரத்தில் அவற்றை அணைத்து வையுங்கள், ஏரியலை வீட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள், ரேடியோவைச் செல்லில் மட்டுமே ஓட்டுங்கள். இதில் எதற்கும் காசு இல்லை.

மெயினை அணைத்தும் குறையவில்லை என்றால் சத்தம் வெளியிலிருந்து வருகிறது. உங்கள் ஊரில் தறிக்குடோன் இல்லாத தெரு எது? மோட்டார்களும் அவற்றின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் இரைச்சலைக் கரண்ட் கம்பி வழியே ஊர் முழுக்கப் பரப்பும். நொடிக்கு ஒரு தடவை டிக், டிக் என்று வந்தால் பக்கத்துத் தோட்டத்துக் கரண்ட் வேலி, அதில் செடி கொடி படர்ந்து உரசினால் டிக் இன்னும் பெரிதாகும். வேலியைச் சுத்தம் செய்யச் சொன்னால் தோட்டக்காரருக்கும் லாபம்தான், மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்தும் நாளைப் பேப்பரில் முன்கூட்டியே போடுவார்கள். ஊரே திட்டும் அந்த நாள்தான் நமக்குத் திருவிழா. அன்றைக்குக் காலை 7 மெகாஹெர்ட்ஸையும், மதியம் 15, 17 மெகாஹெர்ட்ஸையும் கேட்டுப் பாருங்கள். அன்று உங்கள் ரேடியோவுக்கு என்ன கேட்கிறதோ அதுதான் அதன் உண்மையான திறமை.

எந்த நேரத்துக்கு எந்த மீட்டர்?
வாசகர், ஈரோடு

சுருக்கமாக, வெயிலுக்கு உயரத்தில், இருட்டுக்குத் தாழ்வில். பகலில் வானத்தின் மேலடுக்கில் சூரியன் உண்டாக்கும் மின்னூட்டம் உயர்ந்த அலைவரிசைகளைத் திருப்பி அனுப்பும், அதே சமயம் அதன் கீழடுக்கு தாழ்ந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்தக் கீழடுக்கு கலைந்துவிடும், தாழ்ந்தவை தூரம் போகத் தொடங்கும். அதனால் நடுப்பகலில் 19, 16, 13 மீட்டர், சாயங்காலமும் விடிகாலையும் 25, 31 மீட்டர், ராத்திரி 41, 49 மீட்டர். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர்.

பட்டியல்களில் யுடிசி என்ற உலகப் பொது நேரம் போட்டிருக்கும், நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். எல்லாம் சரியாகப் போகிறதா என்று சோதிக்க 5, 10 மெகாஹெர்ட்ஸில் பாருங்கள், நேரம் காட்டும் சீனாவின் பிபிஎம் நிலையம் நொடிக்கு ஒரு டிக் அனுப்பிக்கொண்டே இருக்கும். கரண்ட் வேலி டிக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது அந்த அலைவரிசையில் மட்டும்தான் கேட்கும்.

நான் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறேன். ஆன்லைனில் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு பாவ்ஃபெங் வாக்கிடாக்கி பார்த்தேன். வாங்கினால் ஹாம் ஆகிவிடலாமா அண்ணா?
மாணவர், கோவை

ஆக முடியாது தம்பி. கேட்பது வேறு, அனுப்புவது வேறு. அனுப்புகிற கருவியை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம், பட்டனை அழுத்திப் பேசுவது அதற்கும் மேலே. ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதால் சட்டம் மாறிவிடாது. விளையாட்டுக்குப் பேச மட்டும் வேண்டும் என்றால் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் இயங்கும், அனுமதி பெற்ற குறைந்த சக்தி வாக்கிடாக்கிக்கு 2018லிருந்து உரிமம் தேவையில்லை. பாவ்ஃபெங் அந்த வகை இல்லை.

ஹாம் ஆக ஒரு தேர்வு இருக்கிறது. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்துவது, சரல் சஞ்சார் தளம் வழியே விண்ணப்பம். 12 வயது ஆனால் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும்தான் பாடம், உங்கள் படிப்புக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஜெனரலுக்கு மோர்ஸ் என்ற புள்ளி, கோடு தந்திக் குறியும் வேண்டும், நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகம். மோர்ஸுக்குப் பயந்து தள்ளிப் போடாமல் முதலில் ரெஸ்ட்ரிக்டட் எழுதிவிடுங்கள், அவர்களுக்கு வியு3 என்று தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும், ஜெனரலுக்கு வியு2. பாஸானதும் உடனே கைக்கு வராது, பாதுகாப்புச் சரிபார்ப்பு முடிந்து வர மாதங்கள் ஆகலாம்.

அந்தக் காத்திருப்புக் காலத்துக்கு ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் வாங்கி லேப்டாப்பில் செருகுங்கள். டிவி பார்க்கச் செய்த ரியல்டெக் சில்லை வைத்து, சுமார் 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.7 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்கிற கருவி அது. சிற்றலையும் வேண்டும் என்றால் வி3 அல்லது வி4 என்று கேட்டு வாங்குங்கள். இதற்கு அனுப்பத் தெரியாது, அதனால் அந்தப் பயம் இல்லை. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும் நேரத்தைப் பார்த்து 145.800 மெகாஹெர்ட்ஸில் காத்திருங்கள், சில நாட்களில் அங்கிருந்து படங்களைச் சத்தமாக மாற்றி அனுப்புவார்கள், லேப்டாப் அதைத் திரும்பப் படமாக்கும். யூடியூபில் நோவா வானிலைச் செயற்கைக்கோள் படம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு அதில் இறங்காதீர்கள், அவற்றை 2025ல் நிறுத்திவிட்டார்கள். ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசையைத் தேடுங்கள்.

இதெல்லாம் இன்றைக்கு எதற்கு என்று வீட்டில் கேட்டால் 2004 சுனாமியைச் சொல்லுங்கள். அன்று பாரதி பிரசாத் என்ற ஹாம் ஆர்வலர் தன் குழுவோடு ஹாம் நிலையம் அமைக்கப் போர்ட் பிளேரில் இருந்தார். தீவில் போன் தொடர்பு அறுந்தபோது, உயிரோடு இருக்கிறார்கள் என்ற தகவல்களை அந்த நிலையம்தான் வெளியே சொல்லிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். நிலையங்களுக்கு எழுதினால் க்யூஎஸ்எல் அட்டை அனுப்புவார்களாமே, இன்னும் உண்டா?
வாசகர், தாராபுரம்

உண்டு ஐயா. நீங்கள் தங்கள் ஒலிபரப்பைக் கேட்டதை நிலையம் உறுதி செய்து அனுப்பும் அட்டை அது, ஆனால் பல நிலையங்கள் மின்னஞ்சலில் படமாக அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டன. தேதி, யுடிசி நேரம், அலைவரிசை, எந்த ரேடியோ, என்ன ஏரியல், நிகழ்ச்சியில் கேட்ட இரண்டு மூன்று விவரம் எழுதுங்கள். பிறகு சின்போ: சிக்னல் பலம், குறுக்கீடு, இரைச்சல், அலை ஏற்ற இறக்கம், மொத்தத்தில் எப்படி என்று ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 என்றால் பிரமாதம். சுமாராகக் கேட்டதற்கும் மரியாதைக்காக 55555 போடுகிறவர்கள் உண்டு, அது அவர்களுக்குப் பயன்படாது. நீங்கள் வாத்தியார், மார்க் போடுவதில் கண்டிப்பாக இருங்கள்.

என் ரேடியோவில் சிற்றலையே இல்லைங்க, எஃப்எம்மும் மத்திய அலையும்தான். சும்மா போட்டுவிடவா?
வாசகி, உடுமலைப்பேட்டை

போடாதீர்கள், உங்கள் ஊருக்கு அதுவே நல்ல ஆரம்பம். எஃப்எம்மில் 100.5இல் கொடைக்கானல் மலை மேலிருந்து வருகிறது. மத்திய அலையில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் திருச்சி 936, சென்னை 720, பெங்களூர் 612, திருச்சூர் 630 என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். சவால் வேண்டுமென்றால் ஊட்டி 1602, மிகச் சிறிய சக்தி உள்ள நிலையம்.

மத்திய அலைக்கு ஏரியல் குழாயை நீட்டி ஒரு பயனும் இல்லை. ஏரியல் பெட்டிக்குள்ளேயே ஒரு கறுப்புக் கோலாக இருக்கிறது, அதற்குத் திசை உண்டு. ரேடியோவை மெதுவாக ஒரு சுற்றுத் திருப்புங்கள். ஒரு நிலையில் சத்தம் உச்சத்துக்குப் போகும், இன்னொரு நிலையில் அடங்கிவிடும். இரண்டு நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கேட்டால், வேண்டாததை அந்த அடங்கும் நிலையில் வைத்துவிட்டால் மற்றது தனியாக மேலே வரும்.